வாய்க்காலா, வரப்பா?

அவருடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரலாம் என்று கண்ணை மூடினால் உச்சி வகிடுதான் வருகிறது. நேர் வகிடு. நெற்றிப் பக்கம் கொஞ்சம் குங்குமம், நடுவில் வெயில் படாத வெள்ளை, பின்னால் போகப் போக மெலிந்து முடிக்குள் காணாமல் போகும் ஒற்றையடிப் பாதை. எங்கள் டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்கு அவரை அப்படித்தான் தெரியும். எப்போது பார்த்தாலும் குனிந்திருப்பார். யாருடைய முதுகின் மேலோ, முழங்கையின் மேலோ குனிந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளக்குக் கண்ணாடியைத் தோலோடு ஒட்டி வைத்து, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தோல் டாக்டர். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. இவருக்கு மெயின் பஜாரில் தையல் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே தையல் மெஷின் தடதடக்கும், மேலே படர்தாமரை, பொடுகு, வியர்க்குரு, சேற்றுப்புண் எல்லாம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் நிமிராமலே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு மச்சம் படியேறி வந்தால்தான் நாற்காலி நகரும். மேஜை விளக்கு அணையும். சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மச்சத்தின் மேல் விழும். அதன் மேல் அந்தக் கண்ணாடி. டெர்மோஸ்கோப் என்று அதற்குப் பெயர். ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. டாக்டருக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடியம்மா.

எண்ணெய் பட்டால் தோல் ஜன்னலாகிவிடும் என்பார். வெளியே நின்று பார்த்தால் கறுப்புப் புள்ளி. உள்ளே எட்டிப் பார்த்தால் வலை, உருண்டை, கோடு, மேகம், சில சமயம் நீலம். சாதாரண மச்சம் எது, மச்சம் போல வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கும் மெலனோமா என்ற புற்றுநோய் எது என்று அந்த ஜன்னலில்தான் பிரிப்பார். ஒரே பார்வையில் பிரித்ததே கிடையாது.

"டாக்டர், ஒண்ணும் பயமில்லையே?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துட்டீங்களே?"

"இன்னும் பாத்துகிட்டுதான் இருக்கேன்."

இந்த "பாத்துட்டுச் சொல்றேன்" தான் அவர். மற்றதெல்லாம் அதன் மேல் சுற்றிய புடவை.

பெயர்கள் அவர் மண்டையில் தங்காது. முகமும் தங்காது. மச்சம் தங்கும். கதவிடுக்கில் வகிடு தெரியும், குரல் வரும்: "கூழாங்கல் உள்ள வாங்க. அடுத்தது பொரிச்ச முட்டை." வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு தலைமையாசிரியர் பெஞ்சிலிருந்து எழுந்து போவார். அவர்தான் கூழாங்கல். பிறவியிலிருந்தே அவர் தோளில் இருந்த பெரிய மச்சம் உள்ளே கூழாங்கல் பாவிய தரை மாதிரி இருக்கிறதாம். பொரிச்ச முட்டை, எங்கள் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓரமெல்லாம் பழுப்பாகப் படர்ந்து நடுவில் உப்பிய மச்சம். பார்க்கவே பயமாக இருக்கும். "இதுங்கள்ளாம் பாவம் சார்," என்பார் டாக்டரம்மா. "மூஞ்சி ரவுடி மாதிரி இருக்கும், ஆள் சாது. நம்ம பயப்பட வேண்டியது நல்ல சட்ட போட்டுகிட்டு வர்றவனுக்குத்தான்."

ஒரு மச்சத்தை மட்டும் காட்டினால் கோபம் வரும். உடம்பிலிருக்கும் மற்ற மச்சங்களையும் காட்டச் சொல்வார். "குடும்பத்தோட ஜாடை ஒத்துப்போனா அவனத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒருத்தன் மட்டும் வேற ஜாடையில உக்காந்திருந்தா, அவன விட மாட்டேன்."

பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தைக்குக் கையில் திடீரென்று கறுப்பாக ஒன்று முளைத்தது. அம்மா அழுதுகொண்டே படியேறினாள். டாக்டரம்மா பார்த்தார், பார்த்தார், கீழே தையல்காரர் ஒரு ஜாக்கெட்டே தைத்து முடித்தார்; அதற்கப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னார்: "மத்தாப்பு. நடுவுல கறுப்பு, சுத்தியும் பொறி. எல்லாப் பக்கமும் ஒரே அளவா வெடிச்சா தீபாவளி. ஒரு பக்கம் மட்டும் வெடிச்சா விபத்து. உங்க பொண்ணுக்கு தீபாவளி." அம்மா சிரிக்க ஆரம்பித்ததும், "இருங்க, இன்னும் முடியல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டு வரணும். இதே மாதிரி பெரியவங்க யாருக்காவது வந்திருந்தா தீபாவளியா இருந்தாலும் அறுத்து எடுத்திருப்பேன்" என்றார். அந்தப் பெண் வந்துகொண்டே இருந்தாள். பொறியெல்லாம் மெல்ல அடங்கிப் பழுப்பானது. கடைசி வரை அவள் பெயர் மத்தாப்புதான்.

சுரங்கத்திலிருந்து கரி கொண்டுவரும் எங்கள் பெல்ட் செக்‌ஷன் ஏழுமலை கதை வேறு. அவன் முழங்கைக்குக் கீழே நீலக் கறுப்பாக ஒரு புள்ளி. பல வருஷமாக இருந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. ஒருநாள் டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, தன் சாப்பாட்டு டப்பாவை எனக்கு எழுதி வைப்பதாகக் கேன்டீனில் அறிவித்தான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கண்ணாடியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எப்ப விழுந்தீங்க?"

"நான் எங்கம்மா விழுந்தேன்?"

"விழுந்திருக்கீங்க. பக்கத்துல பழைய தழும்பு இருக்கு. யோசிங்க."

யோசித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெல்ட் ஓரத்து நடைபாதையில் மழையில் வழுக்கி, கொட்டிக் கிடந்த கரியின் மேல் விழுந்து கை கிழிந்தது ஞாபகம் வந்தது.

"அந்தக் கரி உள்ளயே தங்கிடுச்சு. இது மச்சம் கிடையாது, பச்ச குத்துன மாதிரி. அது சரி, இத்தன வருஷமா கம்பெனி நிலக்கரிய உள்ள வச்சுகிட்டு வெளிய போறீங்க, கேட்ல செக்யூரிட்டி புடிக்கலயா?"

மறுநாளிலிருந்து ஏழுமலை கேட்டைத் தாண்டும்போதெல்லாம் செக்யூரிட்டியிடம் முழங்கையைக் காட்டி, "டிக்ளேர் பண்ணிடறேன் சார்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

சரி, கல்யாண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரை விசேஷங்களுக்குக் கூப்பிட எல்லாரும் பயந்ததன் காரணம் அது. கைப்பையில் கண்ணாடி எப்போதும் இருக்கும். ஒரு ரிசப்ஷன் மேடையில், மொய்க் கவரைக் கொடுத்த கையோடு மணப்பெண்ணின் தாடையைப் பிடித்துத் திருப்பி, அங்கிருந்த அழகு மச்சத்தின் மேல் கண்ணாடியை வைத்துவிட்டார். போட்டோகிராபர் நின்றார். நாதஸ்வரக்காரரும் நின்றார். ஒரு நிமிஷம் கழித்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற நிம்மதியோடு, "ஒண்ணும் கவலையில்ல, இது மை பென்சில்ல வரஞ்சது" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அந்த மச்சத்தைப் பற்றிப் பத்து நாளாகப் பெருமை பேசியிருந்தார்கள். பெண்ணின் அம்மா டாக்டரம்மாவைப் பார்த்த பார்வையை எண்ணெய் இல்லாமலே பார்க்க முடிந்தது.

இனி என் கால்.

எனக்கு வலது உள்ளங்காலில், குழிவுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் உண்டு. துவரம்பருப்பு அளவு. அது இருக்கிறவன் கால் ஒரு இடத்தில் நிற்காது என்பார்கள், நிற்கவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லாரும் படுக்கப் போனால் நான் வட்டம் வட்டமாக நடப்பேன். வேப்பமரத்துக்கு ஒரு சாலை, தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு சாலை, தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வானத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டு நிற்கும். நான் கொஞ்சம் எழுதுகிறவன்; நடந்தால்தான் எனக்கு வரி வரும். உட்கார்ந்து எழுதியதெல்லாம் உட்கார்ந்தேவிட்டது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் அக்கா வந்து தங்கினாள். கண்ணில் புரை, பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். என் மச்சத்துக்குத் தான்தான் சொந்தக்காரி என்ற நினைப்பு அவளுக்கு. நான் ஒருநாள் டிவி முன்னால் காலை நாற்காலியில் தூக்கிப் போட்டிருந்தபோது பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்து, "அட, அண்ணனுக்கு உள்ளங்கால்ல மச்சமா! அதான் ப்ரமோஷன் லிஸ்ட்ல பேர் அடிபடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தம்மாவின் முதுகை வாசல் வரைக்கும் முறைத்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கி எழுந்தேன். என் மனைவி மல்லிகா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க மச்சம் பெருசாயிருக்கு."

காலை மடக்கிப் பார்த்தேன். துவரம்பருப்பு புளியங்கொட்டையாகியிருந்தது. கறுப்பு. ஓரம் கோணல்.

"வளரட்டும்," என்றாள் அக்கா, முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே. பாதி கல்லை அரிசியாகவும் பாதி அரிசியைக் கல்லாகவும் பொறுக்குவாள், கண் அப்படி. "மச்சம் வளந்தா யோகம் வளருதுன்னு அர்த்தம். இன்னாத்துக்கு மொறச்சிகினு நிக்கிற?"

மல்லிகா அன்று சாயங்காலமே என்னைத் தையல் கடைப் படியில் ஏற்றினாள்.

டாக்டரம்மா என் பாதத்தை மடியில் துண்டு போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எண்ணெய். கண்ணாடி. வகிடு. நான் அந்த வகிட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கீழே தையல் மெஷின் ஓடி, நின்று, ஓடி, நின்றது.

"எனக்குச் சேத்தியாத்தோப்பு பக்கம் சார்," என்றார் திடீரென்று. "வயக்காட்டுல வளந்தவ. உள்ளங்காலப் பாத்தா எனக்கு வயலு ஞாபகம்தான் வரும். இந்தத் தோல்ல வரிவரியா இருக்குல்ல? மேடு வரப்பு, பள்ளம் வாய்க்கால். வரப்பு மேல வரிசையா புள்ளி தெரியும், வியர்வ வர்ற வழி. அத வச்சு எது வரப்புன்னு கண்டுபுடிச்சுருவேன். நல்ல மச்சம் பெரும்பாலும் வாய்க்கால்ல ஓடும். கெட்டது வரப்பு மேல ஏறும்."

"என்னோடது?"

"வரப்பு மேல இருக்கு."

மல்லிகா என் தோளைப் பிடித்தாள்.

"பயப்படுங்கன்னு சொல்லல. பயப்படாதீங்கன்னும் சொல்லல. இன்னும் பாக்கணும். நடுவுல பழைய மச்சம் ஏதோ மறைஞ்சு கெடக்கு, அதுவும் செரியாத் தெரியல. கால்ல அடி பட்டுச்சா? புது ஷூ?"

"இல்ல."

"மருதாணி?"

"நானா?"

"தலைக்கு டை அடிப்பீங்களா? சாயம் பட்டாலும் சில நேரம் வரப்பு மேல ஏறி உக்காந்துக்கும்."

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கதவு திறந்திருந்தது. பெஞ்சில் எங்கள் செக்‌ஷன் ஆட்கள் இரண்டு பேர். தலைக்கு நான் அடிப்பதில்லை என்பது உண்மை. மீசைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பேன் என்பதும் உண்மை. என் மீசை இயற்கையானது என்று செக்‌ஷன் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை வளர்த்தவன் நான்.

"அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மீசைக்கும் உள்ளங்காலுக்கும் ஐந்தரை அடி தூரம். அதற்கு இது எப்படிப் பொறுப்பாகும் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடினான். டாக்டரம்மா என் காலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாண்டிச்சேரியில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப எழுதிக் கொடுத்தார். பத்து நாள் தள்ளித் தேதி கிடைத்தது. கெட்டதாக இருந்தால்? கேட்டேன். "அகலமா எடுக்க வேண்டி வரும். எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லவில்லை அவர். பொய் சொன்னவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

நடக்கிறவனுக்குக் காலிலேயே பயம் வந்தால் எங்கே போய் நடப்பான்? வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அதை மிதிக்கிறோமா, அது நம்மை மிதிக்கிறதா என்று தோன்றும். வீட்டில் இரண்டு கட்சி.

"பத்து நாள் எதுக்கு? நாளைக்கே போய் எடுத்துடலாம்," என்பாள் மல்லிகா.

"கத்திய வச்சியோ, யோகம் போச்சு. எங்கம்மா வவுத்துலருந்து கொண்டாந்த மச்சம் அது. தொடப்படாது," என்பாள் அக்கா.

"கால் போனா பரவாயில்லையா அண்ணி?"

"காலு எங்க போவுது? அது வூட்டுலதான இருக்குது!"

ஐந்தாம் நாள் காலை. நைட் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கப் படியில் கால் வைத்தேன். கீழே டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். புடவை, கேன்வாஸ் ஷூ, கையில் குடை, காலை நடை. அவர் வீட்டுக்கு எங்கள் ஸ்டாப் வழியே கிடையாது.

"ஷூவக் கழட்டுங்க சார்."

"இங்கயா?"

"தூக்கமே வரல. ஒரு நிமிஷம்."

பஸ் படியில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். நாற்பது பேர் ஜன்னலில் தொங்கினார்கள். "என்னய்யா, பாத பூஜையா?" என்றான் ஏழுமலை. டாக்டரம்மா எதையும் காதில் வாங்கவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். போனில் முந்தைய போட்டோவை எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்தார். புளியங்கொட்டை இப்போது பட்டாணிச் சுண்டல் நாலைந்து ஒட்டிக் கிடந்த மாதிரி ஆகியிருந்தது. எனக்கே தெரிந்தது. ஜன்னலில் சிரித்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"டாக்டர்?"

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றார். குரல் மட்டும் முன்பு போல இல்லை. போய்விட்டார். அன்றைக்குப் பகலில் நான் தூங்கியது எப்படி என்று எனக்குத் தெரியாது; ஆனால் கட்டை மாதிரி தூங்கினேன். பயமும் ஒரு வேலைதான், உடம்பு அசந்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு வாசலில் குடை.

"அஞ்சு நாள்ல ரெண்டு மடங்கு," என்றார் செருப்பை விடும்போதே. "எந்த மச்சமும் இந்த வேகத்துல வளராது. எந்தக் கேன்சரும் வளராது. நான் முப்பது வருஷமா பாக்குறேன். இது வளரல சார். இத யாரோ வளக்குறாங்க."

எனக்குப் புரியவில்லை. காலை நாற்காலியில் நீட்டினேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார், போகவில்லை. சோப்பு, போகவில்லை. குனிந்தார். அந்த நேரம் அக்கா அடுக்களையிலிருந்து டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டாக்டரம்மா டம்ளரை வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, கைய வுடுங்க, காப்பி சுடுது."

மல்லிகா ஓடிவந்து டம்ளரை வாங்கினாள். டாக்டரம்மா அக்காவின் ஆள்காட்டி விரலைத் திருப்பி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடியை வைத்தார். விரல் நுனி ரேகை மேலெல்லாம் கறுப்பு. என் காலைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். காலை. விரலை.

"இங்கயும் வரப்பு மேல. அதே சாயம்." நிமிரவில்லை. "என்ன வச்சீங்கம்மா?"

அக்கா சுவரைப் பார்த்தாள். சொன்னால் பலிக்காது என்று இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தவள்.

"திருஷ்டிப் பொட்டு," என்றாள் கடைசியில். "கொழந்தைக்கு உள்ளங்கால்ல வைக்கிறதில்லியா? இவனுக்கு நான்தான வச்சிகினு இருந்தேன், தொட்டில்ல கெடக்கும்போது. அந்தக் கறிவேப்பிலக்காரி வந்து கண்ணு வச்சிட்டுப் போனா. நான் சும்மா பாத்துகினு இருக்கணுமா? தூங்கும்போது வச்சேன்."

"மையிலயா?"

"மை வச்சா பெட்ஷீட்ல அப்பிக்கும், இவ திட்டுவா." மல்லிகாவைக் கை காட்டினாள். "அதான், மீசைக்கு அடிச்சிட்டு மீதி வச்சிருந்தான் பாருங்க ஒரு பொட்டலம், அதுல கொஞ்சம் கொழச்சி…"

டாக்டரம்மாவின் வகிடு மெல்லத் திரும்பி என் பக்கம் வந்தது.

"மீசைக்கு," என்றார்.

"டாக்டர், நீங்க தலைக்கான்னுதான…"

"சார், நீங்க பேசாதீங்க." பிறகு அக்காவிடம்: "ஒரு பொட்டுதான வைக்கணும்? ஏன் இவ்வளவு?"

"கண்ணு தெரியலம்மா. வச்சனா இல்லியான்னு சந்தேகம், மறுபடி வச்சேன். அப்புறம் நீங்க வேற அறுக்கணும்னு சொல்லிட்டீங்களா, உங்க திருஷ்டிக்கும் சேத்து வச்சேன்."

மல்லிகாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏனென்றால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாயம் மேல இருக்கு. சாயத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் இன்னும் பாக்கல" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். "வலிக்காது. மேல் தோலு மட்டும் சீவுறேன். ஆடாதீங்க."

ஆடாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று இருந்தேன். விரித்த செய்தித்தாளின் மேல் என் பாதத்திலிருந்து கறுப்புச் செதில்கள் விழுந்தன, பென்சில் சீவுகிற மாதிரி. ஒரு செதில், ஒரு பார்வை. ஒரு செதில், ஒரு பார்வை. பட்டாணி போனது. புளியங்கொட்டை போனது. கடைசியில் எண்ணெய்ச் சொட்டுக்கு அடியில் என் பழைய துவரம்பருப்பு தனியாகக் கிடந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக நான் ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்காத மச்சம்.

டாக்டரம்மா கண்ணாடியை அதன் மேல் வைத்தார். மல்லிகாவின் விரல்கள் என் தோளில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தன. அக்கா, கண் தெரியாதவள், டாக்டரின் பக்கத்தில் தானும் குனிந்து நின்றாள். வெளியே யாரோ சைக்கிளில் கீரை விற்றுக்கொண்டு போனார்கள். திரும்பியும் வந்தார்கள்.

"வாய்க்கால்," என்றார்.

மூச்சு விட்டேன்.

"இருங்க. இதுவும் வாய்க்கால். இது… வாய்க்கால்தான். இந்த ஓரம்." கண்ணாடி ஒரு நூல் நகர்ந்தது. "வாய்க்கால். வரப்பெல்லாம் சுத்தமா இருக்கு. கோடு எல்லாம் ஒரே சீரா, நாத்து நட்ட மாதிரி." அப்புறம் கண்ணாடியை எடுத்துப் பஞ்சால் துடைத்தார். "நல்ல மச்சம் சார். பாண்டிச்சேரி வேண்டாம்."

மல்லிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். நான் காலை மடக்க மறந்து அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா நிமிர்ந்தாள். சேலையை உதறினாள்.

"பாத்தியா? பொட்டு வச்சனே, அதான் ஒண்ணும் ஆவல!"

அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். தலையைக் கவிழ்த்துக்கொண்டே, தோள் குலுங்க, சத்தமில்லாமல் நெடுநேரம் சிரித்தார். வகிடு ஆடியது. "புரை ஆபரேஷன் முடியிற வரைக்கும் யாருக்கும் எதுவும் வைக்காதீங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து, குடையை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் விடை பெறவில்லை. மீசையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவுமில்லை.

அந்தக் கருணைதான் எனக்கு உறுத்தியது. அடுத்த ஞாயிறு பஜாரில் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்ததும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நேராகப் போய் எதிரில் நின்றேன். மீசையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அதை ஒரு சாட்சியாகக் காட்டலாம் என்று முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன்.

"வணக்கம் டாக்டர்."

நிமிர்ந்து பார்த்தார். டெலிபோன் கம்பத்தைப் பார்க்கிற பார்வை. மரியாதையான, காலியான பார்வை. போன வாரம் என் காலை நினைத்துத் தூக்கம் கெட்டு என் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றவர், இப்போது என் கால் பக்கம் திரும்பவே இல்லை.

"வணக்கம். கொஞ்சம் நகர்ந்துக்குங்க சார், கத்திரிக்காய மறைக்கிறீங்க."

நகர்ந்துகொண்டேன். அவர் ஒரு கத்திரிக்காயை எடுத்து, காம்போரத்தில் இருந்த ஒரு புள்ளியின் மேல் குனிந்தார்.

மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க இது? அந்தம்மாவுக்கு உங்கள அடையாளமே தெரியல!"

"தெரியல," என்றேன். "சுத்தமா தெரியல!"

அதை நான் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேனோ. காய்காரர், எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்து, கேட்காமலே ஒரு கட்டுக் கொத்தமல்லியை என் பையில் போட்டார்.